வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

சொதியும் இஞ்சித் துவையலும் உள்ளே போன பிறகு மனிதன் படுக்கத்தான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் மரியாதை. ஆனால் குற்றாலிங்கம் படுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் திரையில், காது கூடத்தில். கூடத்தில் காந்திமதி தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியின் தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, இனிமேல் கற்றுக்கொண்டும் என்ன ஆகப்போகிறது. மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஸ்வீடனிலிருந்து மகன் சிவசைலம் கூப்பிடுவான், வீடியோவில், வாரம் தவறாமல். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மின்சார வாரியத்தில் இருந்த காலத்தில் எத்தனை விண்ணப்பங்களில் ‘ஆகலாம்’, ‘ஆகாது’ என்று எழுதித் தள்ளியிருப்பார், ஒரு தடவைகூடப் பேனா தயங்கினதில்லை. இப்போது சுட்டியை ஓரங்குலம் நகர்த்தி ஒன்றை அமுக்க வேண்டும், அல்லது அமுக்காமல் இருக்க வேண்டும், இவ்வளவுதான் காரியம், அதற்கு விரல் வர மறுக்கிறது. திரையில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கொடிகள். பிரேசில், வியட்நாம், போலந்து, எந்த நாடு என்று தெரியாத ஒரு பச்சைக் கொடி. ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில் ஒரு பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை மகாராஜ நகரில் ஒரு பென்ஷன்காரர் வீட்டுப் பின்னறையிலிருந்து அத்தனை தேசத்துக்கும் ஏதோ போய்க்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கொடிகளைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல ஒரு நல்ல விளக்கம் அவரிடம் தயாராக இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. பழைய கம்ப்யூட்டர் ஓடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றபோது, உலகத்துக்கே பொதுவாக இலவசமாக விட்டிருக்கிற லினக்ஸ் என்ற மென்பொருளை இறக்கிப் போட்டுப் பார்த்தார், அது மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதை இறக்கிய விதம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரே கிடங்கிலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுக்கிறார்கள், டாரன்ட் என்ற சின்ன நிரல் அதையெல்லாம் வாங்கி ஒட்டிக்கொள்கிறது. முழுசும் வந்து சேர்ந்ததும் வாங்கினவன் கொடுக்கிறவனாக மாற வேண்டும். கட்டாயம் ஒன்றுமில்லை, ஆனால் அதுதான் முறை. முதல் பந்தியில் சாப்பிட்டவன் கையைக் கழுவிவிட்டு அடுத்த பந்திக்குச் சாம்பார் வாளியைத் தூக்குகிற மாதிரி. சாப்பிட்டதும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நழுவுகிறவனுக்கு அங்கே ரத்தம் குடிக்கிற அட்டை என்று பெயர். இருந்து கொடுக்கிறவன் விதைக்கிறவன். விதை என்றால் கத்திரிக்காய் தின்னும்போது பல்லிடுக்கில் மாட்டுகிற சமாசாரம் என்று மட்டும் அறிந்திருந்த குற்றாலிங்கத்துக்கு, பதவி ஓய்வுக்குப் பிறகு இப்படி ஒரு பதவி. ஆபீஸை விட்டு வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ரேஷனுக்குப் போறீங்களா என்பதுதான் கேள்வி. இங்கேயோ பிரேசிலில் ஒருவன் இவருடைய ஒரு துண்டுக்காக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காந்திமதி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, “இவ்வளவு பேருக்குக் குடுக்கீங்களே, ஒருத்தனாவது உங்களுக்கு ஒரு வணக்கம் வச்சானா?” என்று கேட்டாள். வைக்கவில்லைதான். வைக்காமலே வாங்கிக்கொண்டு போவதும் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, கேள்வி கிடையாது, பதில் கிடையாது, கொடுத்தால் தீர்ந்தது.

ஆனால் இணைய இணைப்புக் கொடுத்தவனுக்கு அது பிடிக்கவில்லை. அவனிடம் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்று ஒன்று இருந்தது. எல்லையில்லாத இணையம் என்று போர்டில் போட்டிருப்பான், உள்ளே எறும்பு எழுத்தில் ஒரு எல்லை இருக்கும். மாசத்தில் அந்த அளவைத் தாண்டிவிட்டால் வேகத்தைப் பிடித்து நசுக்கிவிடுவான், அப்புறம் அடுத்த மாசம் பிறக்கிற வரைக்கும் நத்தைதான். நியாயமாம். யாருடைய நியாயம் என்று எங்கும் எழுதியிருக்காது. நேற்று மாசம் பிறந்தது, வேகம் திரும்பி வந்தது, கையோடு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணின் குரலும் தொலைபேசியில் வந்தது. “சார், உங்க வீட்ல எத்தன பேரு?” “ரெண்டு பேரு.” “ரெண்டு பேருக்கு இவ்வளவு அப்லோடு வராதே சார். கடை கிடை ஏதும் நடத்துதீங்களா? இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் உள்ள கனெக்ஷன் சார்.” அது குற்றாலிங்கத்தின் வார்த்தை. வீட்டு மின்சாரத்தில் வெல்டிங் பட்டறை ஓட்டினவர்களைத் தேடிப் பிடித்து அவர் சொன்ன அதே வார்த்தை. சமாதானபுரத்தில் ஒருத்தர் கையில் வெல்டிங் கண்ணாடியோடு வந்து நின்று, “என் வீட்டு கேட்டுக்குத்தான சார் பத்த வைக்கேன், வீட்டு கேட்டு வீட்டு உபயோகந்தான?” என்றார். ஆபீஸ் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், குற்றாலிங்கமும் சிரித்துவிட்டு அபராதம் போட்டார். இப்போது அந்த மனிதரை வரவழைத்து உட்கார வைத்து ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஒரு வீட்டுக்குள் ஒரு பொய் நிற்க வேண்டும் என்பதற்காக ஓடுகிற லோடு, ஐயா, அது வீட்டு உபயோகத்தில் சேருமா, சேராதா?

பொய் என்று அதைச் சொல்லலாமா? அவர் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லையே. “ம்” என்று சொன்னார், அவ்வளவுதான். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, காந்திமதி மாடிக்குத் துணி எடுக்க ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் படியில் ஏறி மறைந்ததும் மகனுடைய முகம் திரைக்குக் கிட்டத்தில் வந்தது. “அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?” “இல்ல, மாடிக்குப் போயிருக்கா.” “அபிராமி போயிட்டாப்பா. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா. பிரிஞ்சிட்டோம். கோர்ட்டுல எழுதிக் குடுத்தாச்சு.” மழை ஜன்னல் தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் மருமகள் போன சேதி முதலில் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தார், விழுந்துதான் இருந்தது. “அம்மாட்ட இப்ப சொல்லாதீங்க. நானே சொல்லுதேன், கொஞ்ச நாள் போகட்டும்.” அதற்குத்தான் அந்த “ம்”. என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம். நீ சாப்பிடுறியா, யார் சமைக்கிறார்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கலாம். ஏலே, என்னலே இது என்று சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெற்ற தகப்பன் ‘ம்’ என்றான், கோப்பைப் பார்வையிட்டதற்கு ஓரத்தில் போடுகிற சுருக்குக் கையெழுத்தை விட அது ஒன்றும் பெரிதில்லை. அதற்குள் காந்திமதி பாதி நனைந்த துணிகளை மார்பில் அணைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். “என்ன சொல்லுதான்?” “அங்கயும் மழையாம்” என்றார். ஆகக் கணக்குக்கு ஒரு பொய் சொல்லித்தான் இருக்கிறார். அங்கே மழையா வெயிலா என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிறுதான் பூஜ்ஜியத்தின் கதை ஆரம்பித்தது. இந்த வாரம் சொல்லிவிடுவான் என்று குற்றாலிங்கம் நம்பினார். இப்படிப்பட்ட சேதி கேட்கும்போது படம் விட்டு விட்டு வந்தால் அது கேட்கிறவளுக்குச் செய்கிற கொடுமை, ஆகையால் டாரன்ட்டை அடக்கி வைப்போம், லைன் தெளிவாக இருக்கட்டும் என்று அந்த நிரலைத் திறந்தார். வெளியே அனுப்புகிற வேகத்துக்கு உச்சவரம்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எப்போதும் ஒரு சின்ன எண் இருக்கும். அதை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டார். பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் போகாது, பச்சைக் குழந்தைக்கும் தெரியும். காந்திமதி திரையில் முகம் தெரிந்ததும், “பாப்பா எங்கப்பா, கூப்பிடேன், முகத்தப் பாத்து ரெண்டு வாரமாச்சு” என்றாள். சிவசைலம் பதில் சொல்ல வாயெடுத்தான். படம் நின்றுவிட்டது. பாதி திறந்த வாயோடு அவன் கட்டம் கட்டமாக உடைந்து நின்றான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு எழுத்து, ஒரு எழுத்தாக வந்து செத்தது. ரொம்ப நேரம் கழித்துப் படம் ஒரு நொடி உயிர் பெற்றபோது மகன் முகத்தில் இருந்ததைக் குற்றாலிங்கம் பார்த்தார். பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட முகம். “அம்மா, நெட்டு சரியில்ல, அடுத்த வாரம் பேசுதேன்” என்று வைத்துவிட்டான். பின்னறைக்கு வந்து பார்த்தால் கொடிகள் எல்லாம் கொண்டாட்டமாக அள்ளிக்கொண்டிருந்தன. அந்த நிரலில் ஐந்து என்றால் ஐந்து, ஒன்று என்றால் ஒன்று, பூஜ்ஜியம் என்றால் மட்டும் தடையே கிடையாது என்று அர்த்தமாம். வாரியத்தில் இப்படி ஒரு மீட்டர் இருந்திருந்தால் ஊரே எரிந்து போயிருக்கும். தன் முட்டாள்தனத்தை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே மகனுடைய அந்த முகமும் வந்தது.

அடுத்த வாரம் எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் கூடத்தில் போய் உட்கார்ந்தார். காந்திமதி சாப்பாட்டை விசாரித்தாள், குளிரை விசாரித்தாள், மருமகளுக்கு வேலை எப்படி என்றாள், அதற்கெல்லாம் அவன் எப்படியோ வளைந்து நெளிந்து பதில் சொன்னான். “பாப்பா...” என்று அவள் ஆரம்பித்ததும் மகனுடைய கண் ஒரு தடவை அப்பாவிடம் வந்து போனது. குற்றாலிங்கத்துக்கு இருமல் வந்தது. நிஜ இருமல்தானா என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்கு நிச்சயமில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவரைப் போல எழுந்து பின்னறைக்கு வந்து அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியத்தைத் தட்டினார். கூடத்தில் காந்திமதி, “அட, நின்னுபோச்சே” என்பது கேட்டது. அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. மாசக் கடைசியில் அவருக்கு வேலை இல்லை, நியாயமான பயன்பாட்டுக்காரன் பார்த்துக்கொள்வான். மாசம் பிறந்தால் இவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பாப்பா என்ற சொல், இருமல், பின்னறை, பூஜ்ஜியம். ஆரம்பத்தில், “அப்பா, இந்த கம்பெனிய விட்டுட்டு வேற மாத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்த சிவசைலம், பிறகு அதைச் சொல்வதில்லை. காந்திமதிதான் விடாமல் போராடினாள். நாற்காலியை மோடத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். வாசலுக்குப் போனாள், மாடிக்குப் போனாள். புதுப் போன் வாங்க வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மோடத்துக்குத் திருநீறு பூசியிருந்தாள், அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி மூன்று பட்டையோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது குற்றாலிங்கத்துக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அதைத் துடைக்கவும் மனம் வரவில்லை.

சரி, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவனுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பேத்தி அந்த வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே இருக்கிறாள். பிரேசில்காரனுக்கும் லாபம். இப்படித்தான் கார்த்திகையும் மார்கழியும் தையும் ஓடிவிட்டன. ஆனால் இன்றைக்கு மத்தியானம் சொதியை ஊற்றிக்கொண்டே காந்திமதி சொன்னாள். முகத்தைப் பார்க்காமல், கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் ஒண்ணு கவனிச்சேன். மழையப் பத்திக் கேட்டா நிக்கல, சோத்தப் பத்திக் கேட்டா நிக்கல. பாப்பாவக் கேட்டா மட்டும் நின்னுபோவுது.” குற்றாலிங்கம் உருளைக்கிழங்கைப் பிசைந்தார். “அவந்தான் நிறுத்துதானோ என்னமோ. நான் பிள்ளையப் பாக்கது அவங்களுக்குப் பிடிக்கலையோ. எம் முகம் அவனுக்கு வேண்டாமப் போச்சோ.” “சே, என்ன பேச்சு இது” என்றார். “பின்ன நீங்க சொல்லுங்க, வேற என்ன?” என்று கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். கரண்டியைச் சட்டிக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர், “நெட்டு அப்படித்தான்” என்றார். அவள் கரண்டியை வைத்தாள். “பாவாடைக்குத் துணி எடுத்திருக்கேன். தைக்கிறவ உயரம் கேக்கா. இன்னைக்குப் பாப்பாவ நிக்கச் சொல்லிப் பாத்துரணும்” என்று சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போய்விட்டாள்.

அதுதான் முள்ளாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் மகனுடைய சேதியை மட்டும் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தார். மறைத்த மறைப்பில் அவள் மகனையே இழந்துகொண்டிருக்கிறாள். மருமகள் போனது, பேத்தி தூரமானது, இதெல்லாம் ஒரு நாள் அழுது தீர்க்கிற துக்கம், அழுதுவிட்டு அவள் முதல் காரியமாக, “நீ தனியா என்னப்பா சாப்பிடுத?” என்றுதான் கேட்பாள், அது அவருக்குத் தெரியும். பெற்ற பிள்ளைக்குத் தன் முகம் பிடிக்கவில்லை என்பதை எங்கே வைத்து அழுவாள்? ஆகையால் இன்றைக்கு இருமக் கூடாது, எழக் கூடாது. ஆனால் அவன் சொல்லாதீங்க என்றானே. நான் எங்கே சொல்கிறேன், நான் நிறுத்தாமல் இருக்கிறேன், அவ்வளவுதானே. நிறுத்தாமல் இருப்பதும் சொல்வதும் ஒன்றா? இத்தனை வாரம் நிறுத்தியது பொய்யா, இன்றைக்கு நிறுத்தாமல் இருப்பது காட்டிக்கொடுப்பதா, இரண்டும் எப்படி ஒரே ஆள் தலையில் வந்து விடிகிறது? அவனுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். ‘இன்னைக்கு லைன் நல்லா இருக்கும். அம்மா கேப்பா. சொல்லிரு’ என்று ஒற்றை விரலால் அடித்தார். அனுப்பப் போகும்போது தோன்றியது, இதைப் படித்தால் அவன் கூப்பிடவே மாட்டான். வேலை வந்துவிட்டது என்று ஒரு வரி போட்டுவிடுவான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். திரையில் கொடிகளுக்கு நடுவே நீலத்தில் மஞ்சள் சிலுவை போட்ட ஒன்று புதிதாக வந்திருந்தது. ஸ்வீடன். தை மாசத்தில் ஒரு தடவையும் இப்படித்தான் வந்தது. யாரோ ஒரு ஸ்வீடன்காரன், எந்த ஊரோ. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பட்டை முழுசாக நிரம்புகிற வரைக்கும் அவர் சாப்பிடப் போகவில்லை, ஒருவேளை அவனாக இருந்தால், தனி வீட்டில் பொழுது போகாமல் அவனும் எதையாவது இறக்கிக்கொண்டிருந்தால், வாங்கிக்கொள்ளட்டும், இதையாவது அப்பாவிடமிருந்து முழுசாக வாங்கிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பைத்தியக்காரத்தனம்தான். இன்றைக்கும் அந்தப் பட்டை பாதியில் இருந்தது.

கூடத்தில் கொலுசு இல்லாத காலடி எழுந்து நடந்தது. குழாய்த் தண்ணீர் முகத்தில் அடிக்கிற சத்தம், பீரோக் கதவு, பவுடர் டப்பாவைத் தட்டுகிற சத்தம். வீடியோவுக்காக அவள் புடவை மாற்றிக்கொள்வாள், அந்தக் குட்டித் திரையில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்று சொன்னாலும் மாற்றிக்கொள்வாள். “ஏங்க, நேரமாச்சு, வாரீங்களா?” என்ற குரல் வந்தது. “வாரேன்.” கட்டத்தில் எண்ணை மாற்றுவதோடு விட்டால் தன்னை நம்ப முடியாது, இருமல் வந்துவிடும், கால் தானாக எழுந்துவிடும். குற்றாலிங்கம் அந்த நிரலையே மூடினார். ‘பகிர்வு நடந்துகொண்டிருக்கிறது, நிச்சயமாக மூடலாமா?’ என்று அது கேட்டது. மூடலாம். பிரேசில், வியட்நாம், ஸ்வீடன் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன, பாதிச் சோற்றில் இலையை எடுத்துவிட்டோமே என்று மனது ஒரு நிமிஷம் கூசியது. பிறகு கம்ப்யூட்டரையும் அணைத்தார். அது முனகி அடங்கிய பிறகு அந்த அறையில் இவ்வளவு அமைதி இருந்ததே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. கூடத்துக்குப் போய்க் காந்திமதிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மடியில் அரக்கு நிறத்தில் மடித்த பட்டுத்துணி இருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அழைப்பு வந்தது. படம் பளிச்சென்று வந்து நின்றது. மகனை இவ்வளவு தெளிவாகப் பார்த்து மாசக் கணக்காகிவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தது, தாடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது, சட்டைக் காலர் இஸ்திரி காணாமல் சுருண்டு கிடந்தது. அவனுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரு. “இளைச்சுட்டியேப்பா” என்றாள் காந்திமதி. “கேமரா அப்படிக் காட்டுதும்மா.” “கேமரா நல்லாத்தான் காட்டுது.” அவன் சிரித்தான். குளிரைப் பற்றிக் கேட்டாள், சொன்னான். மத்தியானத்துக்கு என்ன என்று கேட்டாள், ஏதோ ரொட்டி என்றான். இங்கே சொதி என்றாள், நாக்கைச் சப்புக்கொட்டினான். எழுத்து பிசகாமல் எல்லாம் கேட்டது. காந்திமதி பட்டுத்துணியை விரித்துத் திரைக்கு நேரே பிடித்தாள். “பாப்பாவுக்குப் பாவாடை தைக்கப் போறேன். அவள வரச் சொல்லு. அந்தக் கதவுகிட்ட நிக்கட்டும், உயரத்தப் பாத்துக்கிடுதேன்.” சொல்லிவிட்டாள். குற்றாலிங்கத்தின் தொண்டைக்கு இருமல் ஓடி வந்தது, எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். முழங்கால் எழப் பார்த்தது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சிவசைலத்தின் கண் ஒரு நொடி அப்பாவிடம் வந்தது. அப்பா உட்கார்ந்திருந்தார். அவன் வாயைத் திறந்தான். “அம்மா, பாப்பா வந்து...”

அப்படியே நின்றுவிட்டான். வாய் பாதி திறந்தபடி, கண் ஒரு பக்கமாகச் சரிந்தபடி, ஒரு கை மேசையிலிருந்து அரையடி உயரத்தில். சத்தம் இல்லை. குற்றாலிங்கம் திடுக்கிட்டு மோடத்தைப் பார்த்தார், அதன் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. நிரலை மூடினேனே, கம்ப்யூட்டரையே அணைத்தேனே. திரும்பத் திரையைப் பார்த்தபோது ஜன்னலின் இடது ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு டிராம் வண்டி நுழைந்தது. ஒவ்வொரு பெட்டியாக, பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு, அவன் தலைக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். அவன் அசையவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான், இமை மட்டும் துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதும் துடித்தது. முப்பத்தாறு வயதில், ஒட்டின கன்னத்தோடு, பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று நினைத்தபோது குற்றாலிங்கத்துக்கு அழுகை வந்தது. பக்கத்தில் காந்திமதி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி வலது ஓரத்தில் மறைகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு துணியை மெதுவாக, மடிப்புக் கலையாமல் மடித்தாள். “நெட்டு நின்னுபோச்சு போல” என்று அந்த அசையாத முகத்தைப் பார்த்தே சொன்னாள். “சரிப்பா, வச்சிடுதேன். நேரத்துக்குச் சாப்பிடு. ரொட்டியவே தின்னுக்கிட்டு இருக்காத, ஒரு ரசமாவது வையி. அடுத்த வாரம் பேசுவோம்.” சொல்லிவிட்டு அவளே சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

குற்றாலிங்கம் காத்திருந்தார். கேட்பாள், கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். “நீங்க இன்னைக்கு எந்திரிக்கவே இல்லயே” என்றாள். “இல்ல” என்றார். “அடுத்த வாரமும் நான் பாப்பாவக் கேப்பேன். கேக்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவன் நினைச்சுருவான்.” முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள், பவுடரும் பொட்டும் சேர்ந்து இழுபட்டன. “நான் வாயெடுத்ததும் நீங்க எப்பவும்போல எந்திரிச்சுப் போய் அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன செய்வீங்களோ, அதச் செஞ்சிருங்க. பாவம், பிள்ளை எவ்வளவு நேரந்தான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருப்பான்.”